நடுநாட்டு நடிகர்: பாய்ஸ் கம்பெனிகளும் சிவாஜி கணேசனும்

இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் நிலப்பரப்பு, 1993 வரை தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்டுக் கிடந்ததால், நடுநாடு என்ற பெயரைப் பெற்றிருந்தது. இந்த நடுநாட்டின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெய்வேலியிலிருந்தே தொடங்குகின்றனர். முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமியில், 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கரிய பொருளொன்று வெளிப்பட்டதும், அது பழுப்பு நிலக்கரி என்று அறியப்பட்டதும், அதன்மேல் ஓர் அனல்மின் நகரம் எழுந்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதே 1930களில், அதே மாவட்டத்து விழுப்புரத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் நாடகக் கம்பெனியொன்றில் பெண் வேடம் கட்டப் பழகிக்கொண்டிருந்தான் என்பது அந்த அளவுக்கு இப்பகுதியின் வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படுவதில்லை. விழுப்புரம் சின்னையா மன்றாயர் கணேசமூர்த்தி என்ற அச்சிறுவன் சிவாஜி கணேசன் ஆன வரலாற்றை, தனிமனிதத் திறமையின் கதையாக மட்டும் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் அவருடைய நடிப்பின் நிறைகளுக்கும், குறை என்று சிலர் சொல்பவற்றுக்கும், இன்று முற்றிலும் மறைந்துபோன ஒரு தொழில்முறையே ஊற்றாக இருந்தது என்பதால், அந்தத் தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் அவரை எடைபோடுவது முறையாகாது.

நாடகத் தொழிலின் பரவலுக்கு இருப்புப்பாதை செய்த உதவி பெரிது. தென்னிந்திய ரயில்வேயின் பாதைகள் பல வந்து கூடும் சந்திப்பாக விழுப்புரம் விளங்கியது. சென்னையிலிருந்து வரும் வண்டி அங்கிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சைக்கும், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கும், இன்னொரு கிளையில் புதுச்சேரிக்கும், மற்றொன்றில் காட்பாடிக்கும் பிரிந்து சென்றது. கடலூரையும் விருத்தாசலத்தையும் இணைக்கும் கிளைப்பாதையில்தான் நெய்வேலி நிலையம் இருக்கிறது. நாடகக் கம்பெனிகள் சீன் என்று வழங்கப்பட்ட ஓவியத் திரைகளையும், உடைகளும் கிரீடங்களும் அடங்கிய மரப்பெட்டிகளையும் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, நடிகர், வாத்தியார், ஆர்மோனியக்காரர், சமையற்காரர் என்று அனைவரோடும் ஊர் ஊராகச் செல்ல முடிந்ததற்கு இந்தப் பாதைகளே காரணம். ஓர் ஊரில் சில வாரமோ சில மாதமோ தங்கி நாடகம் நடத்துவதை முகாம் என்றனர். முகாம் நன்றாகப் போனால் நாட்கள் நீளும். வசூல் சரிந்தால் அடுத்த ஊருக்குச் செல்லும் வண்டிச் சத்தத்துக்கே கடன் வாங்க வேண்டியிருக்கும்.

நடுநாட்டுக்கு நாடகம் புதிதன்று. தெருக்கூத்து இம்மண்ணின் கலை. மாரியம்மன், திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில், கட்டியங்காரன் அறிமுகம் செய்ய, கிரீடமும் புஜக்கட்டையும் தரித்த வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்தே பாடி, பின் சுழன்று வெளிப்படுவதைக் கண்டு வளர்ந்த மக்கள் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால், கட்டணம் வாங்கிக் கொட்டகைக்குள் திரை கட்டி நடத்தும் நாடகம் தமிழகத்தில் வேரூன்றியது. இதில் ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரு வகை. ராஜபார்ட் எனப்படும் கதாநாயகனும், ஸ்திரீபார்ட் எனப்படும் கதாநாயகியும், பபூன் எனப்படும் கோமாளியும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து, முன்னொத்திகை எதுவுமின்றி அன்றிரவே மேடையேறி, எல்லோருக்கும் தெரிந்த வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ நடத்திக் கொடுத்துவிட்டுச் செல்வர். பாட்டுத் திறமையும் சமயோசிதப் பேச்சும் உள்ளவர்க்கு அது பொன்னான மேடை. ஆனால் எழுதிய ஆசிரியனுக்கு அதில் மதிப்பில்லை. ஒருவரையொருவர் மடக்கும் போட்டியில் கதை எங்கோ போய்விடும்.

இந்தச் சீர்கேட்டுக்கு மாற்றுக் கண்டவர்களுள் முதன்மையானவர், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வளர்ந்த நடிகர்கள் எழுதிய வரிக்கு அடங்காததால், எழுதியதை எழுதியபடியே பேசக்கூடிய சிறுவர்களைக் கொண்டு குழு அமைப்பதே வழி என்ற முடிவுக்கு வந்த அவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் சிறுவர்களாக இதில்தான் சேர்ந்தனர். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவருடைய முறை அதற்குள் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டிருந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பால கான சபை என்று, பெயரில் பால என்றோ பாய்ஸ் என்றோ தவறாமல் தாங்கிய குழுக்கள் தென்னாடெங்கும் சுற்றின. பி.யு. சின்னப்பா, எம்.ஜி. ராமச்சந்திரன், எம்.ஆர். ராதா, என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி என்று பின்னாளில் தமிழ்த் திரையை ஆண்டவர்களில் பெரும்பாலோர் இக்குழுக்களில் வளர்ந்தவர்களே.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை கடுமையானது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளையைப் பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துச் சேர்த்துவிடுவர். உணவும் உடையும் கம்பெனியைச் சார்ந்தவை, சம்பளம் பெயருக்குத்தான். விடியற்காலையில் குரல் பயிற்சி, அதன்பின் பாடம், மாலையில் ஒத்திகை, இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவுக்கும் அப்பால் நீளும் நாடகம் என்பது நாளின் ஒழுங்கு. பாடம் என்றால் பள்ளிப் பாடம் என்று கொள்ளக் கூடாது. நாடகத்தின் வசனத்தையும் பாட்டையும் வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டு நெட்டுருப் போடுவதற்கே அங்குப் பாடம் என்று பெயர். தன் வேடத்துக்குரியதை மட்டும் கற்றால் போதாது, யாருக்கேனும் காய்ச்சல் கண்டால் அந்த வேடத்தையும் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், திறமையுள்ள பையன்கள் நாடகம் முழுவதையுமே மனத்தில் ஏற்றி வைத்திருந்தனர். தவறினால் பிரம்படி. இதையெல்லாம் குருகுலம் என்று போற்றி எழுதுவோர் உண்டு. எழுத்தறிவுக்கான வயதைப் பறித்துக்கொண்ட சிறார் உழைப்பு என்ற உண்மையை அந்தப் போற்றுதல் மறைத்துவிடக் கூடாது.

கம்பெனிச் சிறுவனுக்கு மிகப் பெரிய அச்சம் பிரம்பன்று, மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்து தடிப்பதையே நாடகக்காரர் மகரக்கட்டு என்றனர். ஐந்து கட்டை சுருதியில் பாடிக் கைதட்டல் வாங்கிய பாலநடிகன், குரல் உடைந்த மறுமாதம் கூட்டத்தோடு நிற்கும் சேவகனாகிவிடுவான். பலர் அத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டனர். ஆகவே பாட்டைத் தவிர வேறொரு முதலும் கையில் இருந்தவர்களே கம்பெனியில் நிலைத்தனர். கணேசனிடம் இருந்த முதல் உடலும் முகமும் நினைவாற்றலும் ஆகும்.

1928 அக்டோபர் 1 அன்று விழுப்புரத்தில் அவர் பிறந்தார். தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, மகன் பிறந்த நாளிலேயே கைதானார் என்பது கணேசன் சொல்லிவந்த வரலாறு. குடும்பம் பின்பு திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கட்டபொம்மன் கதையைக் கூத்தாக ஆடக் கண்டதே நடிகனாக வேண்டும் என்ற ஆசைக்கு வித்திட்டது என்றும் அவர் கூறியிருக்கிறார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழு திருச்சியில் முகாமிட்டிருந்தபோது, தாய் தந்தை இல்லாதவன் என்று பொய் சொல்லி அதில் சேர்ந்துகொண்டார். முதலில் கிடைத்த பெரிய வேடம் இராமாயணத்துச் சீதை. அதன்பின் பரதன், இந்திரஜித் என்று ஒரே கதையின் பல முகங்களையும் அவர் கட்டினார். சின்ன பொன்னுசாமிப் படையாச்சி என்ற வாத்தியாரே தமக்கு நடிப்பும் நடனமும் சொல்லிக்கொடுத்தவர் என்று கடைசிவரை நன்றியோடு குறிப்பிட்டார்.

பெண் வேடப் பயிற்சி அவருடைய நடிப்பில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதைத் திறனாய்வாளர் போதிய அளவு கவனித்ததில்லை. ஸ்திரீபார்ட் கட்டுபவன் நடையின் நீளத்தைக் குறைக்க வேண்டும், தோளை ஒடுக்க வேண்டும், விரல் நுனிவரை எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்ற உணர்வோடு நிற்க வேண்டும். தன் இயல்பான உடலை முழுக்க மறுத்து இன்னோர் உடலைக் கட்டிக்கொள்வது அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கணேசன் ஜமீன்தாராக நடக்கும்போதும், தொழுநோயாளியாக நடக்கும்போதும், நாதஸ்வர வித்துவானாக நடக்கும்போதும் வெவ்வேறு நடை நடந்தார் என்று வியக்கிறோமே, அந்த வியப்பின் தோற்றுவாய் இங்கேதான் இருக்கிறது.

1940களில் நாடகத்தின் போக்கே மாறியது. ஒலிபெருக்கி வந்தபின், கடைசி வரிசைவரை எட்டும் உச்சக் குரல் நடிகனுக்குக் கட்டாயம் என்ற நிலை போயிற்று. திராவிட இயக்கத்தார் நாடகத்தைக் கொள்கைப் பரப்புக்குக் கைக்கொண்டபின், பாட்டின் இடத்தை அடுக்குமொழி வசனம் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்தாண்டின் நடுவில் சி.என். அண்ணாதுரை எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில், முதலில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்த சிவாஜி வேடம், டி.வி. நாராயணசாமியின் பரிந்துரையால் கணேசனுக்கு வந்தது. நீண்ட வசனங்களை ஒரே பகலில் அவர் பாடமாக்கிக்கொண்டார் என்பது பலரும் எழுதிய செய்தி; கம்பெனிப் பயிற்சியை அறிந்தவர்க்கு அதில் பெரிய வியப்பு இராது. நாடகத்தைக் கண்ட பெரியார் ஈ.வெ. ராமசாமி அவரைச் சிவாஜி என்றே அழைக்க, அப்பெயர் நிலைத்தது. மராத்திய மன்னனாக நடித்துப் பெயர் பெற்றவருக்குத் திரைப்பட வாய்ப்பை வாங்கித் தந்ததோ ஒரு பெண் வேடம். சக்தி நாடக சபாவில் அவர் நூர்ஜஹானாக நடித்ததைக் கண்ட வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியார், தம் நேஷனல் பிக்சர்ஸ் தயாரிக்கவிருந்த ‘பராசக்தி’க்கு அவரையே நாயகனாக்கினார். மாதச் சம்பளம் 250 ரூபாய்.

‘பராசக்தி’ 1952 அக்டோபர் 17 அன்று, தீபாவளி நாளில் வெளிவந்தது. மு. கருணாநிதியின் வசனமும் கிருஷ்ணன்–பஞ்சுவின் இயக்கமும் அப்படத்துக்குச் செய்தவற்றை ஏராளமானோர் எழுதியுள்ளனர். தொழில் வரலாற்றின் கண்கொண்டு பார்த்தால் வேறொன்றும் புலப்படும். தமிழ்ப் பேசும்படம் பிறந்த 1931 முதல் நடிகன் என்றால் பாடகன் என்பதே பொருள், எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் தங்கள் குரலால் நாயகரானவர்கள். 1951 செப்டம்பரில் சின்னப்பா மறைந்தார். பாகவதரின் பொற்காலம் அதற்கு முன்பே, லட்சுமிகாந்தன் கொலை வழக்குச் சிறைவாசத்தோடு முடிந்திருந்தது. இதற்கிடையில் பின்னணிப் பாடல் முறை முழுமையாகக் காலூன்றிவிட்டதால், பாடத் தெரியாத நடிகன் சி.எஸ். ஜெயராமனின் குரலில் பாடலாம், ‘தூக்குத் தூக்கி’ முதல் டி.எம். சௌந்தரராஜன் குரலிலும் பாடலாம் என்றாயிற்று. மகரக்கட்டில் தொழிலை இழந்த அத்தனை பையன்களுக்கும் பத்தாண்டு முன்னதாக வந்திருக்க வேண்டிய விடுதலை இது. பாட்டுச் சுமையிலிருந்து நீங்கிய கம்பெனிப் பயிற்சி முழுவதும் முகத்திலும் வசனத்திலும் இறங்கியபோது எழுந்த வேகமே ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் தெரிகிறது.

சிவாஜி கணேசனை மார்லன் பிராண்டோவோடு ஒப்பிடுவது நெடுநாளைய வழக்கம். 2001இல் அவர் மறைந்தபோது ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ கூடத் தென்னிந்தியாவின் பிராண்டோ என்ற அடைமொழியைத் தந்தது. புகழின் உயரத்தை அமெரிக்க வாசகர்க்கு உணர்த்த அது உதவலாம். நடிப்பு முறையைப் பொறுத்தவரை பொருந்தாது. ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் சிந்தனைகளிலிருந்து நியூயார்க்கில் வளர்ந்த பள்ளியைச் சேர்ந்தவர் பிராண்டோ. உள்ளத்தில் உணர்வை எழுப்பிக்கொண்டால் உடல் தானே பின்தொடரும் என்பது அதன் அடிப்படை. கணேசனின் பள்ளி அதற்கு நேர் எதிர்த் திசையில், உடலையும் குரலையும் செம்மையாகக் கட்டியபின் உணர்வை அதற்குள் வார்க்கும்.

ஹாலிவுட்டில் அவருக்கு உண்மையான உறவினரைத் தேடினால் பால் முனியிடம்தான் போய்ச் சேர வேண்டும். 1895இல், அன்றைய ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட லெம்பர்க் நகரில், ஊர் ஊராகச் செல்லும் யூத நாடக நடிகர் குடும்பத்தில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவுக்கு வந்து, கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷ் மொழி மேடையில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதில் அவர் போட்டது எண்பது வயதுக் கிழவன் வேடம்; தாடியையும் சுருக்கத்தையும் தாமே ஒட்டிக்கொள்ளப் பழகியதால், வேடமாற்றமே அவருடைய கையெழுத்தாயிற்று. ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தின் கொள்ளைக் கூட்டத் தலைவன், ‘தி குட் எர்த்’ படத்தின் சீன உழவன், எழுத்தாளர் எமில் சோலா, மெக்சிகோவின் ஹுவாரெஸ் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மனிதர்களாகத் திரையில் தோன்றிய அவருக்கு, விஞ்ஞானி லூயி பாஸ்டராக நடித்த 1936ஆம் ஆண்டுப் படம் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. பிற்காலத்தில் இயல்புநடிப்பு செல்வாக்குப் பெற்றபோது, முனியின் முறை மிகை என்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கணேசனுக்கும் இதே ஏச்சு கிடைத்தது. மொழியும் சமயமும் வேறான இரு நாடோடி மேடைகள், சிறுவயதிலேயே பிள்ளைகளைப் பிடித்து ஒரே வகையான நடிகரை உருவாக்கியிருக்கின்றன என்பது தற்செயல் ஒற்றுமை என்று தள்ளத்தக்கதன்று.

முனியைப் போலவே கணேசனும் வரலாற்று மனிதர்களைத் திரையில் வாழவைத்த காலம், நெய்வேலி உருவான காலத்தோடு ஒன்றுகிறது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நின்ற நிலத்தடி நீரை இடையறாது இறைத்துக்கொண்டே மேல்மண்ணை அகற்றி, 1961இல் கரியை எட்டினர். 1962இல், சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. சுற்றுக் கிராமத்தார் நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர, தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் வட்டங்கள் என்று எண்ணிட்ட குடியிருப்புகளில் அமர்ந்தனர். முதலமைச்சர் காமராசர் இத்திட்டத்தைத் தம் ஆட்சியின் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தார்.

அதே 1957இல், சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ சிவாஜி நாடக மன்றத்தால் சேலத்தில் முதன்முதலாக மேடையேறியது, 1959இல் பி.ஆர். பந்துலு அதைப் படமாக்கினார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது கணேசனுக்குக் கிடைத்தது. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் வ.உ. சிதம்பரனாராக நடித்தார். 1962இல் அமெரிக்க அரசின் பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் அந்நாடு சென்று, நயாகரா நகரின் ஒருநாள் மேயராகச் சிறப்பிக்கப்பட்டதும், ஹாலிவுட்டில் பிராண்டோவைச் சந்தித்ததும் நிகழ்ந்தன. 1950களின் நடுவில் திருப்பதிக்குச் சென்றதால் தி.மு.க. தோழர்களின் கண்டனத்துக்கு ஆளாகி, அவ்வியக்கத்திலிருந்து விலகிக் காமராசரின் பக்கம் வந்தவர் அவர். அணையும் ஆலையும் மின்நிலையமும் எழுந்த அந்தப் பத்தாண்டில், விடுதலைப் போரின் முகங்களைத் திரையில் காட்டும் பொறுப்பை அவர் ஏற்றதற்கு இந்த அரசியல் மாற்றமும் ஒரு காரணம். எம்.ஜி.ஆர். வருங்காலத் தலைவனாகத் தம்மைத் திரையில் கட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், கணேசன் இறந்தகாலத் தலைவர்களுக்கு உருக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாக்குப்பெட்டியில் எது பலித்தது என்பதை 1989இல் திருவையாற்றில் அவர் தோற்றது தெளிவாகவே காட்டியது.

நடுநாட்டு மண்ணோடு அவருடைய கலை நேரடியாகக் கைகோத்தது 1967இல், ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவருட்செல்வர்’ படத்தில். நாகராஜனும் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் கட்டியவர். ஆகவே இருவருக்கும் இடையே விளக்கம் தேவைப்படாத ஒரு தொழில்மொழி இருந்தது. சேக்கிழார், திருக்குறிப்புத் தொண்டர், சுந்தரர், அப்பர் என்று பல வேடங்களைக் கணேசன் அதில் ஏற்றார். அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூர், நெய்வேலிக்கு வடக்கே பண்ருட்டியை அடுத்துள்ளது. சூலைநோய் நீங்கி அவர் மீண்டும் சைவம் புகுந்த திருவதிகை வீரட்டானம் பண்ருட்டியின் எல்லையிலேயே இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவர் கரையேறிய இடம் என்று திருப்பாதிரிப்புலியூரைச் சொல்வர். சுந்தரரின் திருநாவலூரும் இதே நடுநாடுதான். படத்தில் அப்பராக வரும்போது கணேசனுக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. முதுகு வளைந்து, கண்ணிமை தளர்ந்து, உதடு உள்வாங்கி, கோயில் முற்றத்தில் புல் செதுக்கும் உழவாரத்தைத் தாங்கி வரும் அக்கிழவரின் காலடியைக் கவனித்தால், ஓர் அடி வைத்தபின் அடுத்த அடிக்கு முன்னால் உடல் முழுவதும் ஒரு கணம் அனுமதி கேட்பது போல் தயங்குவது தெரியும். காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் தோற்றத்தை மனத்தில் இருத்தியே அவ்வேடத்தை அமைத்துக்கொண்டதாக அவர் கூறியதுண்டு. மிகைநடிப்பு என்ற சொல்லை எளிதாக வீசுவோர் இந்த ஒரு வேடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

தம்மை உருவாக்கிய மேடையை அவர் திரையில் பலமுறை நினைவுகூர்ந்தார். அவருடைய நூறாவது படமான ‘நவராத்திரி’யில் (1964) ஒன்பது வேடங்களுள் ஒருவர் கூத்துக்காரர், சாவித்திரியோடு அவர் ஆடும் சத்தியவான் கூத்தில், விழுப்புரம், கடலூர் வட்டாரத்துப் பார்வையாளர் தங்கள் ஊர்த் திருவிழாவையே கண்டிருப்பர். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு (1968) நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சீவாளியை உதட்டில் பொருத்துவது, மூச்சிழுக்கையில் கன்னம் உப்புவது, துளைகளில் விரல் ஓடுவது ஆகிய அனைத்தையும் அவர்களைப் பார்த்துப் பார்த்தே கணேசன் அமைத்துக்கொண்டார். கேட்டதையும் கண்டதையும் அப்படியே உடலில் ஏற்றிக்கொள்ளும் இத்திறன், ஏட்டைப் பாராமல் வாத்தியாரின் வாயைப் பார்த்துப் பாடம் கற்ற பழக்கத்தின் நீட்சியே. ‘ராஜபார்ட் ரங்கதுரை’ (1973) நேரடியாகவே ஒரு நாடக நடிகனின் கதை.

அந்தப் பயிற்சியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 1970களில் வெளிவந்த அவருடைய படங்கள் பலவற்றில், கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று கொட்டகையில் கற்ற விரிவு, கேமரா முகத்தருகே வந்த பின்னும் சுருங்கவில்லை. திறமை குறைந்த இயக்குநர்கள் அந்த விரிவையே விற்பனைச் சரக்காக்கினர். 1954இலேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ என்ற பாடலே இல்லாத படத்தில் அவரை எவ்வளவு அடக்கமாக நடிக்க வைத்தார் என்பதையும், 1985இல் பாரதிராஜா ‘முதல் மரியாதை’யில் அதை எப்படி மீட்டெடுத்தார் என்பதையும் பார்த்தால், சுருக்கவும் தெரிந்த கலைஞனிடம் விரிவை மட்டுமே கேட்டது யார் குற்றம் என்பது விளங்கும்.

கம்பெனிகளோ அதற்குள் இல்லாமற் போயின. திரைப்படம் நடிகரையும் பார்வையாளரையும் ஒருசேர இழுத்துக்கொண்டது, டி.கே.எஸ். சகோதரர்களே 1950இல் தங்கள் நிலையான குழுவைக் கலைத்தனர். பள்ளிக் கல்வி பரவப் பரவ, ஏழு வயதுப் பிள்ளையை எழுதிக்கொடுக்கும் பெற்றோரும் அருகினர். இது சமூகத்துக்கு நன்மையே. பிற்காலத் திரைக்கு மேடையோடு தொடர்பு தேவைப்படவில்லை. 2020 பிப்ரவரியில் நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நடந்தபோது, நடிகர் விஜய்யைக் காண நாள்தோறும் திரண்ட கூட்டம் ஊரையே நிறைத்தது. அந்தக் கூட்டத்தின் அளவில் கணேசன் காலத்துக்குக் குறைவில்லை. நடிகனை உருவாக்கும் வழிதான் முற்றிலும் வேறாகிவிட்டது.

சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1986இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. தாம் பிறந்த மாவட்டத்திலிருந்து அவர் பெற்ற பெருஞ்சிறப்பு அதுவே. 1995இல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருதும், 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் வந்தன. நடிகர்களுக்குத் தேசிய விருது வழங்கும் முறை 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்கியது என்பதால், ‘பராசக்தி’யோ ‘பாசமல’ரோ ‘கர்ண’னோ போட்டிக்கே வரவில்லை. ‘திருவருட்செல்வர்’ வெளிவந்த அந்த முதலாண்டின் விருதை வங்க நடிகர் உத்தம் குமார் பெற்றார். ‘தேவர் மக’னுக்காக நடுவர் குழு அறிவித்த சிறப்பு விருதைக் கணேசன் ஏற்கவில்லை. 2001 ஜூலை 21 அன்று சென்னையில் அவர் மறைந்தார்; முன்னூறுக்குச் சற்றே குறைவான படங்களில் நடித்த அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறையும் வழங்கப்படவில்லை.